கரி ஒன்

1957 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன மாதம். துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்த ஹெக்டர், சிங்கப்பூருக்கென்று படகில் ஏறினான். அவனுக்குப் பேசி முடித்திருந்த ஐவி இறங்குதுறையில் நின்று, "நான் இருக்கிறதோ, வேற பாக்கிறதோ?" என்று கத்தினாள். ஹெக்டர் கையை உயர்த்தி, "கரி ஒன்" என்றான். படகு கப்பலை நோக்கித் திரும்பிவிட்டது.

அந்த இரண்டு இங்கிலீசுச் சொல்லை வைத்துக்கொண்டு ஐவி ஏழு வருடம் ஊரெல்லாம் அர்த்தம் கேட்டாள்.

அன்புவழிபுரத்தில் தையல் மெசினின் முன்னால் இருக்கும்போது அவள் வாயில் நாலு குண்டூசி இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டே கதைப்பாள். தைக்கக் கொடுக்க வந்தவர் இங்கிலீசு படித்தவர் என்றால் மட்டும் எடுத்து வைப்பாள்.

தபாற்கந்தோர் ஜெமீல், "நிப்பாட்டாமச் செய்து கொண்டிரு எண்டு அர்த்தம், அக்கா" என்றார்.

"எதை நிப்பாட்டாம, தம்பி? காத்திருக்கிறதையோ, சீவிக்கிறதையோ?"

ஜெமீல் காற்சட்டையை வாங்காமலே போய்விட்டார்.

இன்பமலர் ரீச்சர் அகராதியோடு வந்தார். தொடர், தாங்கு, தளராதே, கைவிடாதே. "எல்லாம் ஒரே குடும்பம், ஐவி."

"தாங்கு எண்டால் இருக்கச் சொன்னவர். தொடர் எண்டால் போகச் சொன்ன மாதிரிக் கிடக்கு, ரீச்சர்."

கடற்படையில் மேசை துடைத்த அபூதாஹிர் நானா வேறு சொன்னார். "துரை வந்தா நாங்க எழும்பி நிப்பம். அவர் அப்பிடிச் சொன்னா இருந்து வேலையப் பாக்கிறது. என்னைக் கவனிக்காத எண்டதுதான், புள்ள."

பக்கத்து வீட்டு ஸுல்பிகாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு கரிக்கு இவ்வளவு கதையோ? குசினியில போட்டு எரி."

தம்பலகாமத்தில் டிராக்டர் ஓட்டும் நிக்கலஸ் அவளைக் கலியாணம் கேட்டு ஐந்து வருடமாகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து கதிரையில் இருப்பார். 'தாங்கு' என்று கேள்விப்பட்ட மாதம் அவருக்குத் தேத்தண்ணீர்கூடக் கிடைக்காது. 'கவனிக்காத' என்ற மாதம் பணியாரமும் சேர்ந்து வரும்.

"இந்த மாசம் என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டுதான் படி ஏறுவார்.

1964இல் ஒரு ஞாயிறு அவர் அப்படிக் கேட்டபோது, ஐவி ஒரு கடிதத்தை நீட்டினாள். சிங்கப்பூர் முத்திரை. ஹெக்டரின் எழுத்து.

'ஐவி, கால் முறிந்து படுத்திருக்கிறேன். பழையதெல்லாம் நினைவு வருகிறது. அன்று நான் கையை உயர்த்தி, 'கரி ஒன்' என்று படகோட்டியைப் புறப்படச் சொன்ன நேரம் நீ ஏதோ கேட்டாய். எஞ்சின் சத்தத்தில் விளங்கவில்லை. என்ன கேட்டாய்?'

நிக்கலஸ் இரண்டு தரம் வாசித்தார். "என்ன பதில் எழுதப் போறீர்?"

"எழும்பி நில்லுங்கோ" என்றாள் ஐவி. அளவு நாடாவை எடுத்து அவர் தோளில் வைத்தாள்.

"சேட்டு தைக்கத் தேவையில்லை, இருக்கு, ஐவி."

"இது கலியாணக் கோட்டுக்கு. அசையாதேங்கோ."