வராத ராத்திரிக்குப் போட்ட கையெழுத்து

அமீர் ஹம்சா பணி ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. பல்லடத்துக்குத் தெற்கே ஒரு காவல் நிலையத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர். நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். வீடு போத்தனூரில். மனைவி ஹபீபுன்னிசா முப்பத்தாறு வருடமாக அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ராத்திரியில் வீட்டில் வந்து படுக்கிற மாதிரி ஒரு வேலை. அது பென்சன் வாங்கினால்தான் நடக்கும் என்று அவளுக்கே தெரிந்துபோய், இப்போதெல்லாம் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த நிலையத்துக்கு நாற்பத்திரண்டு பேர் வேண்டும் என்று எந்தக் காலத்திலோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். இருப்பது இருபத்தாறு. கோர்ட்டுக்கு அலைகிறவர், அதிகாரி வீட்டு வாசலில் நிற்கிறவர், கம்ப்யூட்டர் தட்டுகிறவர், பிரசவ விடுப்பில் போனவர் எல்லாம் கழிந்தால், ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு ஆளும். அவர்கள் பார்க்க வேண்டியது தொண்ணூற்று மூன்று சாளைகள். தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கிற வீட்டைத்தான் இந்தப் பக்கம் சாளை என்பார்கள். பிள்ளைகள் படித்துப் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். சாளைக்குச் சாளை வயதான இரண்டு பேர், ஒரு மாடு, ஒரு நாய். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுவிட்டு யானை இளைத்துப்போச்சு என்று சொன்னால் எப்படி?

எங்காவது ஒரு சாளையில் கிழவனையும் கிழவியையும் அடித்துப் போட்டுவிட்டு நகையைக் கொண்டுபோவார்கள். உடனே ஒரு கூட்டம் நடக்கும். விவசாயிகள் துப்பாக்கி லைசென்ஸ் கேட்பார்கள். அதிகாரிகள் கேமரா வையுங்கள், நாய் வளருங்கள், தெரியாத ஆளை வேலைக்கு வைக்காதீர்கள் என்பார்கள். இரண்டு கட்சியும் டீ குடித்துவிட்டுக் கலையும். அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் பிறந்ததுதான் பட்டா புத்தகம். ஒவ்வொரு சாளையிலும் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிடுவது. ரோந்து வருகிற போலீஸ்காரர் தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நோட்டைக் கண்டுபிடித்த மகராசன் ஒரு ராத்திரியாவது வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் வண்டி ஓட்டியிருப்பானா என்று ஹம்சா பலமுறை நினைத்ததுண்டு. ஆளைப் பெருக்க முடியவில்லை, நோட்டைப் பெருக்கிவிட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றில் கடைசிச் சாளை பாலுசாமியுடையது. தார் ரோட்டிலிருந்து இரண்டு மைல் மண் தடம். எழுபது வயதான பாலுசாமியும் அவர் மனைவி சுப்பாத்தாளும் மட்டும் இருந்தார்கள். மகன் கிருபாசங்கர் வெளிநாட்டில். ரோந்து சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேருவதற்குள் பல நாள் விடிந்துவிடும். பாலுசாமி மகா மரியாதைக்காரர். தன் காலை மிதித்தவனிடம் "அடி பட்டுதுங்களா" என்று விசாரிக்கிற ரகம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் விடிகாலை, கூட வருகிற ஆள் லீவில் இருக்க, தனியாக வந்த ஹம்சா அந்தத் தடத்தில் வண்டியோடு விழுந்தார். முழங்காலில் தோல் பெயர்ந்து, சட்டையெல்லாம் சேறாக நொண்டிக்கொண்டு வந்தவரைப் பாலுசாமிதான் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். சுப்பாத்தாள் அப்போது கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க சார், இத்தனை தொலவு எதுக்குங்க வாரீங்க? உங்களுக்கும் வயசாகுது. இந்த மாசத்துக்கு மொத்தமாக் கையெழுத்துப் போட்டுப்போடுங்க. மாசம் ஒருக்கா பகல்ல வந்து டீ குடிச்சுட்டு, அடுத்த மாசத்துக்குப் போட்டுட்டுப் போங்க. யாரு கேக்கப் போறா?" என்றார் பாலுசாமி.

"அது தப்புங்கண்ணா."

"என்னத்த தப்புங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஊட்டுல மட்டும் சொல்ல வேண்டாமுங்க. போலீசு வந்து பாக்குதுன்னுதான் அவ தூங்கறா."

கடைசியில் சொன்ன அந்த ஒரு சொல்லில் ஹம்சா எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முழங்கால் விண்விண் என்று தெறித்தது, மழை விடுகிற மாதிரி இல்லை, மூன்று ராத்திரியாகத் தூக்கம் கிடையாது. பேனாவை வாங்கினார். ஒருநாள் 12.50, ஒருநாள் 2.15 என்று நேரத்தை மாற்றி மாற்றி எழுதினார். நடுவில் இரண்டு நாளுக்குக் கறுப்பு மை. திருட்டைப் பிடிக்கப் படித்த படிப்பு இதற்கும் உதவியது. அடுத்த மாதமும் போட்டார். அதற்கடுத்த மாதம் மனசு உறுத்தக்கூட இல்லை. அதுதான் இதில் மோசமான சங்கதி.

மாசி மாதம் ஆய்வாளர் கீதா அவரைக் கூப்பிட்டார். கெட்ட அதிகாரி இல்லை. மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத முகம் அவருக்கும்.

"ஹம்சா, பாலுசாமின்னு ஒருத்தர் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போட்டிருக்கார். உங்க ஏரியாதானே?"

ஹம்சாவுக்கு நம்ப முடியவில்லை. கோழிக்கே குரல் உயர்த்தாத மனுஷனுக்குத் துப்பாக்கி எதற்கு?

"நேர்ல போய் விசாரிங்க. பரிந்துரை பண்ண வேண்டாம். மேல இருந்தும் அப்படித்தான் சொல்றாங்க."

"எனக்கும் குடுக்கறதுல இஷ்டம் இல்லீங்க மேடம்," என்றார் ஹம்சா.

அது ஒப்புக்குச் சொன்னதல்ல. இளவயதில் உடுமலைப்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு தென்னந்தோப்புக்கு ஓடியிருக்கிறார். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்த்தகராறு. போலீஸ் போனபோது அண்ணன் தன் துண்டைத் தம்பியின் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எந்திரிடா, எந்திரிடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். தம்பியின் உடலைத் தூக்கியது ஹம்சாதான். கள்ளன் யார், தம்பி யார் என்று துப்பாக்கிக்குத் தெரியாது. கள்ளன் வருகிற நேரத்தில் அது பீரோவில் இருக்கும். கோபம் வருகிற நேரத்தில் கையில் இருக்கும். இதுதான் அவர் முப்பத்தாறு வருடத்தில் கற்றது.

கீதா கேட்டுக்கொண்டார். "வாஸ்தவம். ஆனா உங்க அபிப்பிராயம், என் அபிப்பிராயம் எல்லாம் அப்பீல்ல நிக்காது. பட்டா புத்தகத்தைக் கொண்டு வந்து ஜெராக்ஸ் எடுத்து வைங்க. தினமும் ரோந்து போற வீட்டுக்குத் துப்பாக்கி அவசியமில்லைன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது. சீக்கிரம் வந்துருங்க. நாலு மணிக்கு கோயம்புத்தூர் பந்தோபஸ்துக்கு வண்டி. விடியற வரைக்கும் அங்கதான் டியூட்டி."

ஹம்சா "சரிங்க மேடம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல உண்மையான காரணம் ஒன்று அவரிடம் இருந்தது. காகிதம் கேட்டதோ பொய்க் காரணத்தை.

அவர் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. பாலுசாமி ஓடிவந்து நாற்காலி போட்டார். சுப்பாத்தாள் மோர் கொண்டுவந்தாள். வழக்கமாக வாசலில் பாய்ந்து வருகிற நாயைக் காணோம். போன சில தடவைகளிலும் அது இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னுங்கண்ணா, திடீர்னு துப்பாக்கி?"

"இல்லீங்க சார், சும்மா ஒரு தைரியத்துக்குத்தான். இருக்குதுன்னு தெரிஞ்சாலே எவனும் வர மாட்டான் பாருங்க. சுடறதெல்லாம் யாருங்க சுடப் போறா?" பாலுசாமி கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"சார்கிட்டச் சொல்றதுக்கு என்னுங்க?" என்று சுப்பாத்தாள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "நான் சொல்றனுங்க சார். நவம்பர் பத்தொன்பதாந் தேதி. எவனோ வந்திருக்கானுங்க. பின்கதவுல கடப்பாரை போட்டு நெம்பியிருக்குது. அந்நேரம் பக்கத்துப் பண்ணைக்குக் கோழி ஏத்தற வண்டி லைட்டுப் போட்டுட்டு வந்துதா, ஓடிப் போயிட்டான். காத்தால பாத்தா நாய் வாயில நொரை தள்ளிக் கிடக்குது."

"ஏன் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலீங்க?"

"இவருதானுங்க வேண்டாம்னாரு. ஸ்டேசனுக்கு அலையோணும், நம்ம சாருக்குத்தான் கெட்ட பேருன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்? நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போன பொறவு வந்திருக்கான்."

ஹம்சா பாலுசாமியைப் பார்த்தார். பாலுசாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி எதற்கு என்று இப்போது விளங்கியது. போலீசுக்குச் சொன்னால் நோட்டைப் புரட்டுவார்கள்; அன்றைய தேதியில் ஹம்சாவின் பொய் இருக்கும். அவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், கொல்ல வந்தவனை மறைத்துவிட்டு, கையும் காலும் நடுங்குகிற வயதில் அந்த மனுஷன் துப்பாக்கி தூக்கத் தயாராகியிருக்கிறார். இப்படியும் ஒரு மரியாதை உண்டா?

சுப்பாத்தாள் இன்னும் முடிக்கவில்லை. "ஒண்ணுதானுங்க சார் மனசு கேக்க மாட்டீங்குது. அன்னிக்கு நாய் கொரைச்சுதுங்க. வள்ளுவள்ளுன்னு கொரைச்சுது. எனக்கு முழிப்பும் வந்துபோச்சு. போலீசுக்காரருதான் வந்திருக்காரு, சும்மா படுன்னு உள்ளிருந்தே நான்தான் அதட்டுனனுங்க. அதும் சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கிப்போச்சு."

சுவரில் நோட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஹம்சா எழுந்து அதை எடுத்தார். நவம்பர் 19, நேரம் 1.40, கையெழுத்து. அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஜெராக்ஸ், ஒரு வரி, பதினோரு மாதம், பென்சன், ராத்திரியில் போத்தனூரில் படுக்கை. பாலுசாமி வாயைத் திறக்க மாட்டார், அது நிச்சயம். இந்தப் பெண்பிள்ளை மட்டும் சாகிற வரைக்கும் தானே நாயைக் கொன்றதாக நினைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த முறை ஏதாவது சத்தம் கேட்டாலும் போலீஸ்காரர் என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

"அக்கா," என்றார். "அன்னிக்கு நான் வரலீங்க."

"என்னுங்க?"

"அன்னிக்கு மட்டுமில்லீங்க. மழைக்காலத்துல இருந்து ஒரு ராத்திரிகூட நான் வரலீங்க. பகல்ல வந்து மொத்தமா எழுதிட்டுப் போயிட்டிருந்தேன்."

"ஏனுங்க சார், என்னுங்க இது! உடுங்க, உடுங்க," என்று பாலுசாமி பதறி எழுந்தார். "நான்தான் அம்மணி அவரைப் போடச் சொன்னேன். இந்தத் தடத்துல உழுந்து எந்திரிச்சு வந்தாரு. பாக்கப் பாவமா இருந்துது."

சுப்பாத்தாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஹம்சா காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மேல பாவம் பாத்தீங்க," என்றாள் புருஷனிடம். "என்ர மேல பாக்கோணும்னு தோணலீங்களா?"

ஹம்சா பேனாவை எடுத்து நோட்டில் பொய்யாக எழுதிய முதல் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இத்தேதிகளில் நான் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"பென்சன் நின்னுரும் சார்," என்றார் பாலுசாமி அழாத குறையாக. "மெமோ குடுத்துருவாங்க."

"குடுக்கட்டுங்கண்ணா. லைசென்ஸ் வேண்டாம்னுதான் எழுதப் போறேன். என்ன காரணம்னு கேட்டா, இந்த ஊட்டுக்குத் தேவை போலீசு, அது வரலைன்னு எழுதறேன். நீங்க இன்னிக்கே கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுங்க."

எழுதினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அவருக்கு மெமோ வரும். பாலுசாமிக்குத் துப்பாக்கி வராது. நோட்டுக்குப் பதிலாக வேறு ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுவார்கள். ஆள் இருபத்தாறு இருபத்தாறாகவே இருக்கும். இவ்வளவும் தெரிந்துதான் எழுதினார். கை மட்டும் அலுத்துப்போய் மெதுவாக ஊர்ந்தது.

அதுவரை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திராத சுப்பாத்தாள் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்தில், இந்த மாதத்துத் தேதிகளில், அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. இன்றைய தேதி. ராத்திரி 1.20 என்று போன வாரமே எழுதி வைத்த கையெழுத்து.

"இன்னிக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

வருவீர்களா என்று இத்தனை நாளில் அவள் அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. கோயம்புத்தூர் வண்டி நாலு மணிக்கு.

"வர முடியாதுங்க அக்கா. விடியற வரைக்கும் வேற டியூட்டி."

"செரிங்க," என்றாள் சுப்பாத்தாள். வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் போட்டுப் போட்டு இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசல் விளக்கைப் போட்டாள். மணி மூன்றுகூட ஆகியிருக்கவில்லை.