லைட்டக்காவின் பெட்டி

லைட்டக்கா கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் வைத்து, குனிந்து படிக்கிறார். "தலைப்பு தெரியுது. பொடி எழுத்து தெரியல. இன்னொரு தடவ வடிகட்டணும்." கலங்கலுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொண்டால் பெட்டியிலுள்ள விளக்கு தேடிப் போகாது. இப்படி மூன்று வாரப் பழைய செய்திகளையே படிப்பதால், நாட்டு நடப்பில் லைட்டக்கா சொல்வதை யாரும் நம்புவதில்லை.

வயது ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தவர். ஓய்வுக்குப் பின், மின்சாரம் எட்டாத இடங்களுக்கு, குடிதண்ணீரைச் சுத்தமாக்கும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். உள்ளே மடக்கும் சூரியத் தகடு, பேட்டரி, வடிகட்டி, குழலுக்குள் புற ஊதா விளக்கு. பேருந்தில் ஜன்னலோரம் பெட்டிக்குத்தான். "அதுக்குள்ள கண்ணாடி. எனக்குள்ள எலும்புதானே, ஒட்டிக்கும்."

கிருமி செத்துவிடுமா என்று கேட்டால் உற்சாகமாகிவிடுவார். "கொல்றதில்ல. பெருக முடியாம பண்ணிடும். குடும்பக் கட்டுப்பாடு!" இதைச் சம்பந்தியிடம் சாப்பாட்டு நேரத்தில் விளக்கியதற்கு மகள் இரண்டு நாள் பேசவில்லை.

கல்குவாரிக் கொட்டகையில் ஆறு பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தபோது, ஒரு பெட்டியை அங்கேயே விட்டு, ஓட்டவும் கற்றுக்கொடுத்து வந்தார். ஒரு வாரம் கழித்துப் போனால் பெட்டி சாக்கு போர்த்தித் தூங்குகிறது. புதிதாக மூன்று பேர் படுத்திருக்கிறார்கள்.

"கொதிக்கல, நுரைக்கல, மருந்து வாடையும் இல்ல. சும்மா லைட்டப் போட்டா சரியாயிடுமா? என் மூஞ்சியப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்றாள் சமையல்காரி.

"வெயில்ல கருத்துத் தெரியுது. வெயில் என்ன நுரைச்சுக்கிட்டா வந்துச்சு?"

சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சமையல்காரி சிரிக்கவில்லை. லைட்டக்கா பெட்டியை ஓடவிட்டதும், அவள் மரியாதைக்கு ஒரு தம்ளரை எடுத்து, பக்கத்துப் பீப்பாயின் குட்டைத் தண்ணீரில் நன்றாக அலசி, பெட்டியின் குழாயில் பிடித்து நீட்டினாள். "நீங்க குடிங்க. அப்புறம் நாங்க குடிக்கிறோம்."

விளக்கின் வேலை குழலோடு முடிந்தது; தம்ளரில் ஒட்டிய குட்டைத் தண்ணீரை அது தொடாது. குடித்தால் வயிறு போகும். கொட்டினால், கொண்டுவந்தவளே குடிக்கவில்லை என்று பெட்டி மறுபடி சாக்குக்குள் போகும். இருபது ஜோடிக் கண்கள் தம்ளரையே பார்த்தன.

"தம்ளர் நனைஞ்ச தண்ணி குட்டைத் தண்ணியாச்சேம்மா," என்று அதைத் தரையில் வைத்தார். புடவையை இழுத்துச் செருகினார். புழுதியில் மண்டி போட்டு, தலையைக் குழாய்க்கு அடியில் மல்லாத்தி, வாயை ஆவென்று திறந்தார். திறந்த வாயால் பேச முடியாமல், திருகு என்று சமையல்காரிக்குக் கையை ஆட்டினார்.

அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே திருகினாள். "போதும்க்கா, போதும்! நாங்களும் குடிக்கிறோம், எழுந்திரிங்க!"

தண்ணீர் மூக்கில் ஏறி, கழுத்தில் வழிந்து, ரவிக்கையை நனைத்தது. கை மட்டும் 'இன்னும், இன்னும்' என்று ஆடிக்கொண்டிருந்தது.