மீன்பெட்டிக்கு அடித்த காற்று

அக்காவின் புருசனை எங்கள் பக்கத்தில் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு வாய்த்த மச்சான் ஏரம்பமூர்த்தி மீன் வியாபாரி. விடிகிற நேரத்துக்கு வாவிக்கரைக்குப் போய், தோணிகள் வந்ததும் மணலையும் கெளுத்தியும் இறாலும் ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு படுவான்கரையின் வயல் ஊர்களுக்குள் போய்விடுவார். ஹோர்ன் அடித்து ஊர் ஊராக விற்று முடித்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். கிணற்றடியில் தலையில் நாலு வாளி ஊற்றுவார், சோற்றைத் தின்பார், தின்ற இடத்திலேயே சரிந்துவிடுவார். களைப்புக்கு ஒரு மனிதப் பிறவி எடுக்க ஆசை வந்தால் அது மச்சானாகத்தான் பிறக்கும்.

நானும் கனகமணி அக்காவும் ஒரே வளவுக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறோம். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்கு. கட்டுகிறவர்கள்தான் வந்து குடியேற வேண்டும். ஆகவே அக்கா வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குள் என்ன கொதிக்கிறது என்பதுதான் வெகுகாலம் தெரியாமல் இருந்தது.

மச்சானுக்கு வேறு எதில் கவனம் இருக்கிறதோ இல்லையோ, பின் டயரின் காற்றில் இருக்கும். பெட்டி நிறைந்தால் இரண்டு ஆள் பாரம். காற்றுக் குறைந்தால் டயர் நசியும், வண்டி ஆடும், கிரவல் ரோட்டில் ரிம் போய்க் கல்லில் அடிக்கும். அதனால் கல்லுப்போல அடித்து வைத்திருப்பார். அளவு பார்க்கிற கருவி அவருடைய பெருவிரல். டயரை அமத்திப் பார்க்கும்போது விரல் நொந்தால் காற்றுச் சரி, நோகாவிட்டால் காணாது, இன்னும் அடிக்க வேண்டும். எங்கள் ஊருக்குள் காற்றடிக்கிற மெசின் இல்லை, வீட்டில் கையால் அடிக்கிற பம்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பம் அடிக்கிற சத்தத்தில்தான் எங்கள் வளவே விழிக்கும்.

மீன் விற்று முடிந்து வெறும் பெட்டியோடு வரும்போதும் டயரில் அதே காற்றுத்தான் இருக்கும். கொஞ்சம் இறக்கிவிட்டால் என்ன என்று ஒரு முறை கேட்டேன்.

"வேர்க்க வேர்க்க அடிச்ச காத்த ஆராவது திறந்து உடுவானா புள்ள?" என்றார்.

மீன்காரர் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். எல்லோருடைய டயரும் ஒரே மாதிரித்தான் தேயும். பாலத்துக்கு அங்கால் டயர்க்கடை வைத்திருக்கும் சாலிஹ் காக்கா, மச்சானின் டயரைக் கழற்றும் போதெல்லாம் சிரிப்பார்.

"நடுவுல வழுக்க, ரெண்டு பக்கமும் புது மாப்பிள்ள முடி. மூர்த்தி, இது பாரத்தில தேஞ்ச டயர் இல்ல, காத்தில தேஞ்சது. இவ்வளவு காத்தோட வெறும் வண்டிய ஓட்டினா நடு மட்டும்தான் தரையில முட்டும். மழைக்குள்ள வழுக்கும் கவனம்."

மச்சான் தலையாட்டுவார். வந்து மறுபடி கல்லுப்போல அடிப்பார்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்பதில்லை. அதனால் மீன்காரருக்கு அது ஓய்வு நாள். அக்காவுக்கு அதுதான் ஆஸ்பத்திரி நாள். நாரியில், அதுதான் இடுப்பு முதுகெலும்பில், ஒரு தட்டு விலகியிருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் உடற்பயிற்சி செய்துகொண்டு வர வேண்டும். வீட்டில் வண்டி சும்மா நிற்கிறது, ஓட்ட ஆள் சும்மா இருக்கிறார். ஆனால் இரண்டு வருசமாக அக்கா பஸ்ஸில்தான் போகிறாள். சந்திவரைக்கும் நடந்து, பஸ்ஸுக்கு நின்று, இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு நின்று, திரும்பி வரும்போது முகம் வாடிச் சருகாகிப் போயிருக்கும். மச்சான் முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தேத்தண்ணிக் கடையில் ஒருவன் கேட்டானாம்: "என்ன மூர்த்தியண்ணன், அக்காவுக்கு மீன் மணம் ஒத்துக்கல்லயோ?" எல்லோரும் சிரித்தார்களாம். மச்சானும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வியாழன் பின்னேரங்களில் ஒரு புதினமான வேலை நடக்கத் தொடங்கியது. களைத்து வருகிற மனிதர் படுக்க மாட்டார். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைச் சவுக்காரம் போட்டுத் தேய்ப்பார். தேசிக்காய் பிழிந்து சீற்றில் பூசுவார். ஒரு நாள் சாம்பிராணிப் புகைகூடக் காட்டினார். வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டதாக்கும் என்று நான் பகிடி பண்ணினேன். விடிந்ததும் தோய்த்த சேட்டு, உடம்பெல்லாம் பவுடர். வண்டியைத் துடைத்து வாசல் படலையடியில் நிறுத்தி வைப்பார். அக்கா வெளியே வருவாள், வண்டியைப் பார்ப்பாள், "நான் பஸ்ஸிலயே போயிட்டு வாறன்" என்பாள், நடந்துவிடுவாள்.

எனக்கு அக்காமேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதன் இதைவிட என்ன செய்வான்?

போன தைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது உடைந்தது. அக்கா வழக்கம்போலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டப் போனாள். நான் முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் கேள்வி அக்காவுக்கு.

"புள்ள, நீயே கேட்டுச் சொல்லு. என்னோட வண்டியில ஏறிப் போறதுக்கு உன்ட அக்காவுக்கு அருவருப்பா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உனக்கென்ன துரைச்சாணி எண்டு நினைப்பா? அந்த மனிசன் வண்டிக்குத் தேசிக்காய் பூசுது, நீ எடுப்புக் காட்டிக்கொண்டு போறாய்" என்று கத்திவிட்டேன்.

அக்கா நின்றாள். திரும்பி வந்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்து வெகு நாள்.

"என்ன அருவருப்பு? இருபத்திரெண்டு வருசமா இந்த மணத்தோடதான் ஒரு பாயில படுக்கிறன். இண்டைக்குத்தான் எனக்கு மூக்கு முளைச்சிரிக்கா?"

"மறுகா ஏன் என்ட வண்டியில வாறல்ல?" என்றார் மச்சான்.

"உங்கட டயர் இரும்பு மாதிரி இரிக்கி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்ட நாரி முறியுது. பஸ்ஸில நிண்டு போறது அதவிடச் சுகம்."

"அதச் சொல்லப்படாதா? காத்த இறக்கியிருப்பனே."

"சொன்னன்தானே. நீங்களும் இறக்கினீங்கதானே. மறுநாள் என்ன நடந்த?"

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மச்சான் மதகடியில் விழுந்து கை முறிந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒட்டுப் போட்ட டியூப் வெடித்தது என்றுதான் ஊரெல்லாம் கதை. நடந்தது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. முதல் நாள் வெள்ளிக்கிழமை, அக்கா நாரி நோகுது என்று சொன்னதற்காகக் காற்றைப் பாதியாக்கி அவளை ஏற்றிப் போயிருக்கிறார். விடிய எழும்பி நித்திரைக் கண்ணோடு பெட்டியைக் கட்டியவர், மறுபடி காற்றடிக்க மறந்துவிட்டார். காற்றுக் குறைந்த டயர் அந்தப் பாரத்தில் ரிம்மோடு நிற்காமல் சுழன்று, டியூப்பின் வால்வைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. காற்று ஒரே மூச்சில் போய்விட, மீனும் ஐஸும் மச்சானும் மதகுக்குள்.

"ஆஸ்பத்திரியில உங்கட கையப் பாத்த நேரமே நினைச்சிட்டன், இனி இந்த வாயால காத்தப் பத்திக் கதைக்கிறல்ல எண்டு" என்றாள் அக்கா. "நான் சொன்னா நீங்க இறக்குவீங்க. விடிய மறப்பீங்க. நீங்க களைச்ச மனிசன். என்ட நாரி நொந்தா நோகட்டும்."

மச்சான் வண்டிக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு அறை போட வேண்டும் போலவும் இருந்தது. ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு இரண்டு வருசத்தை வீணாக்கி வைத்திருக்கிறார்கள்.

குந்தியபடியே மச்சான் வால்வு மூடியைக் கழற்றி, ஆணியால் அமத்தினார். அடிச்ச காற்றைத் திறந்துவிட மாட்டேன் என்ற மனிதர். அக்கா தடுக்கப் போனாள், அவர் கையை விலக்கிவிட்டார்.

"விடிய நான் அடிப்பன்."

"மறந்தா?"

கேட்டுவிட்டு அக்காதான் உள்ளே போய்ப் பழைய சீலை ஒன்றின் கரையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். எக்ஸிலேட்டர் பிடியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "ஒரு கைக்கு இடம் கிடக்கு, இப்ப ஓடலாம். ஆனா பெட்டிக்குக் காத்தடிச்ச பிறகுதான் இத அவுக்கணும். இது கிடக்கக்குள்ள மீன் ஏத்தப்படாது" என்றாள். ஊரில் அதைப் பார்த்தவர்கள் அம்மனுக்கு நேர்த்தி என்று நினைத்தார்கள். இவர்களும் ஓம், அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று பாலம் தாண்டியதும் சாலிஹ் காக்கா கடையில் அளவு பார்த்திருக்கிறார்கள். ஆணி மிஞ்சி வேலை செய்துவிட்டது, காற்று இருபதுக்கும் கீழே. மறுபடி விழப் பார்த்தாயா, அதுவும் இந்த முறை பொஞ்சாதியையும் ஏற்றிக்கொண்டு என்று காக்கா ஏசினாராம். ஆள் ஏற்ற முப்பத்திரண்டு என்று செயின் கவரிலேயே ஒட்டியிருக்கிறது, கண் இல்லையா, பெட்டிக்கும் நாற்பது போதும் என்று சொல்லி, அடித்து விட்டாராம். முதலில் மச்சானின் விரல் நோகிற அளவுக்கு அடித்து அளந்தபோதுதான் அவர் வழக்கமாக அடிப்பது ஐம்பதைத் தாண்டும் என்று தெரிந்தது. பாவம் பெருவிரல், அது என்ன படித்ததா?

அன்று பின்னேரம் அக்கா வண்டியில் வந்து இறங்கினாள். நாரி நோவு போய்விடவில்லை. ஆனால் முகத்தில் சருகு இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி இறக்குவதும் சனிக்குச் சனி அடிப்பதுமாகப் போகிறது. இறக்குவது சுகம். அடிப்பது மச்சானின் உடம்புக்கு லேசில்லை. முறிந்த கை ஓங்கிப் பம் அடிக்க இன்னும் மறுக்கும். நான் அடித்துத் தருகிறேன் என்றாலும் விடமாட்டார்.

அறுவடைக் காலம். வயல் ஊர்களில் மீனுக்கு நல்ல கிராக்கி, மச்சானுக்கு ஒரு கிழமையாகச் சரியான அலைச்சல். ஒரு சனிக்கிழமை நான் முற்றம் கூட்ட வெளியே வந்தபோது வானம் நன்றாக வெளுத்துவிட்டது. மச்சான் இன்னும் வீட்டில் நின்றார். நின்றார் என்றா சொன்னேன்? பின் சில்லில் தலையைச் சாய்த்து, பம்மின் பிடியில் கை கிடக்க, இருந்தபடி நித்திரை. டயரைத் தொட்டுப் பார்த்தேன், பாதிதான் ஏறியிருந்தது.

எழுப்பலாம் என்று குனிந்தேன். "உடு" என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

அவருடைய சேட்டுப் பைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. வாவிக்கரையில் ஏலம் போடுகிற இளையதம்பி அண்ணன். அக்கா மெதுவாக அதை உருவி எடுத்தாள்.

"ஓம் அண்ணன், நான் கனகமணி. இல்ல, அவர் இண்டைக்கு வரமாட்டார். ஒண்டுமில்ல, சுகமாத்தான் இரிக்கார். நித்திர கொள்றார். இல்லண்ணன், நான் எழுப்ப மாட்டன்."

போனை நிறுத்தினாள். கீழே இருந்தால் தூக்கிவிட ஆள் வேண்டிய பெண், ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நிலத்தில் அமர்ந்தாள். மச்சானின் தலையைச் சில்லிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஐஸும் மீனும் ஊறிய அந்தச் சேட்டின் தோளில் கையை வைத்துக்கொண்டு அவளும் கண்ணை மூடினாள்.

நான் மற்ற இடமெல்லாம் கூட்டினேன். அந்த இடத்தை மட்டும் கூட்டாமல் விட்டேன்.