வள்ளிக்கண்ணு கொடுத்த வடகம்

புதுக்கோட்டையில் நான் ஒன்பதாவது படித்தபோது வகுப்பில் எனக்கு ரேடியோ என்று பெயர். எங்கள் ஹைஸ்கூலில் அத்தைதான் கணக்கு டீச்சர். அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருந்தவள். வகுப்பில் நடப்பதையெல்லாம் நான் அவளிடம் ஒலிபரப்புகிறேன் என்று எல்லோருக்கும் சந்தேகம். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். மத்தியானம் எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், தனிமையை விரும்புகிறவள் போன்ற முகத்தோடு தயிர்சோறு சாப்பிடுவேன்.

அரைப் பரீட்சை நெருங்கிய சமயம், வள்ளிக்கண்ணு என்னைக் கூப்பிட்டாள். அவள் சொன்னால் வகுப்பே கேட்கும்.

“ஏய், இங்கிட்டு வந்து உக்காரு.”

உட்காருமுன் தரையில் மை கொட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். வடகம் கொடுத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடித்தேன். மறுநாள் என் சடையை அவிழ்த்துப் பின்னிவிட்டாள். கணக்குக் கேள்வித்தாளுக்குத்தான் அடிபோடுகிறாள் என்று முடிவுகட்டினேன். அந்த வாரக் கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“கேள்வித்தாளெல்லாம் எங்கிட்ட இல்ல. என்னடி வேணும் ஒனக்கு?”

வட்டமே சிரித்தது.

“ஒங்க அத்தைக்குத்தான் திருமயத்துக்கு மாத்தலாயிருச்சே, ஒனக்கே தெரியாதா? இனிமே ஒங்கூடப் பேச எங்களுக்கு என்னடி பயம்?” என்றாள் வள்ளிக்கண்ணு.

வீட்டுக்கு ஓடினேன். உள்ளே அப்பா அத்தையிடம், “இதுக்குன்னு போயி யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா?” என்று சத்தம்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். அத்தை கேட்டு வாங்கியது திட்டு என்றுதான் நினைத்தேன். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டிருக்கிறாள், அதற்குத் தண்டனை இந்த மாற்றல்.

“ஏன் அத்தை மாத்துனாங்க?”

“மேலெடத்து உத்தரவு” என்று என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களைந்தாள். நான் நம்பவில்லை.

அதன்பின் தினமும் முதல் பஸ்ஸில் திருமயம் போய், பொழுது சாய்ந்தபின் புழுதித் தலையோடு திரும்புவாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இன்னைக்கு யாரு கூடச் சாப்ட்ட?” என்பாள். வேறு பள்ளிக்கூடம் போன பிறகும் எங்களை வேவு பார்க்கிறாளே என்று எரிச்சலாக வரும். “எல்லாரு கூடயுந்தான்” என்று வெடுக்கென்று சொல்வேன்.

அத்தை சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போய்விடுவாள். வேவு பார்க்கிறவள் ஒரு பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் ஏன் போகிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.