தேர் விரதமும் எரிமலைப் பாதையும்

ஆவணிப் பயணத்துக்குப் பங்குனியிலேயே மலிவாகக் கிடைக்கிறதென்று ஐஸ்லாந்துக்கு விமானச் சீட்டு எடுத்தது நான். கோயில் நாட்காட்டியைப் பார்க்காததும் நான்தான். மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் பெட்டி கட்டும்போதுதான் மனைவி ரஞ்சி சொன்னாள், நாங்கள் மலையில் நடக்கும் நாள் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தன் தேர் என்று. பொழுது படும்வரை அவளுக்குத் தண்ணீர் மட்டும். முப்பது வருட விரதம். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

காலை ஏழுக்குத் தலைநகர் ரெய்க்யவிக்கில் பேருந்து ஏறி, ஆறுகளுக்குள்ளால் குலுங்கி, பதினொன்றுக்கு லான்ட்மன்னலாகர் மலையடிவாரம் சேர்ந்தோம். பத்துக் கிலோமீற்றர் சுற்றுப்பாதை. திரும்பும் பேருந்து நாலுக்கு. அதை விட்டால் மறுநாள்தான். எங்களிடம் கூடாரமும் இல்லை.

எரிமலைக் குழம்பு உறைந்து கறுப்பாகக் குவிந்து கிடந்தது. ஒரு மரமில்லை, நிழலில்லை. நிலத்து ஓட்டைகளிலிருந்து கூழ்முட்டை நாற்றத்துடன் ஆவி வந்தது. இவள் இங்கே மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஒரு மணிக்குக் கேட்டுப் பார்த்தேன்.

"ரஞ்சி, நல்லூரில இப்ப பின்னேரம் ஆறரை, பொழுது பட்டிட்டுது. தேர் இழுத்து முடிச்சு, சனம் சாப்பிட்டுக் கையும் கழுவியிட்டுது. நீரும் சாப்பிடும்."

"நான் நிக்கிற இடத்திலயெல்லோ பொழுது படவேணும்."

"இஞ்ச அது ஒன்பது மணிக்கெல்லோ படும்!"

"படேக்க சாப்பிடுறன். நீங்கள் நடவுங்கோ."

கெடுகுடி சொற்கேளாது என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு பாறையில் குந்தினேன். இருவருக்குமாகக் கட்டிய ரொட்டியையும் சம்பலையும் கோபத்தில் நானே தின்று தீர்த்தேன்.

மூன்று மணிக்கு, மலைச்சரிவில் எனக்கு வயிறு இழுத்தது. கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. சரளைக்கல்லில் இருந்துவிட்டேன். கீழே பேருந்துகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. ரஞ்சி காலை உருவிவிட்டாள். தன் பையை முதுகிலும் என் பையை முன்னுக்கும் மாட்டினாள்.

"எழும்புங்கோ. தோளில கையைப் போடுங்கோ."

வெட்கமாக இருந்தது. போட்டேன்.

நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கப் பேருந்தடிக்கு வந்தோம். சாரதி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எனக்குத்தான் நீட்டினான்.

ரெய்க்யவிக் விடுதி அடுப்பில் நான் சோறும் பருப்பும் வைத்துவிட்டு ஜன்னலடியில் நின்றேன். சூரியன் அசைவதாயில்லை. "போய்த் தொலையேன், அவள் பசியோட இருக்கிறாள்" என்று வாய்விட்டே ஏசினேன்.

மொன்றியல் திரும்பிய வெள்ளிக்கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ கோயிலில் ஒரு அக்கா ரஞ்சியைக் கேட்டார்: "விரதத்தோட எப்பிடியப்பா அவ்வளவு தூரம் நடந்தனீர்?"

"இவர் பக்கத்தில இருந்தவர்தானே அக்கா."

அடுத்த வருட நாட்காட்டி வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.