வலது காது அம்மாவுக்கு

பாட்டு கேக்கும்போது ரெண்டு காதுலயும் இயர்போன் மாட்டுவீகளா? மாட்டுவீக. கண்ண மூடிக்கிட்டு தலைய வேற ஆட்டுவீக. நமக்கு அந்தக் கொடுப்பினையே கெடையாது. போன் கையில வந்த நாள்ல இருந்து எடது காது மட்டும்தான். வலது பக்க வயரு கழுத்துல சும்மா தொங்கும்.

ஸ்டைலுன்னு நெனச்சுராதீக. எங்க ஊரு எம். புதுப்பட்டி பக்கம். எங்கம்மாவுக்கு பட்டாசு கம்பெனியில வேல. உள்ள வெடிமருந்து கெடக்குங்கிறதால கேட்லயே போன வாங்கி வச்சுருவாக. காலைல வேன் ஏறுனா சாயங்காலம் எறங்குற வரைக்கும் அதுக்கு நான் போன் அடிக்க முடியாது, எனக்கும் அது அடிக்க முடியாது. அதனால ஒரு காது தொறந்தே கெடக்கணும். எங்க தெருவுல எல்லாருமே இப்படித்தான். தையல் மிஷின்ல ஒக்காந்து பாட்டு போடுற அக்கா கூட சத்தத்த கம்மியாத்தான் வைக்கும். யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வந்துருது. டெஸ்டிங்குக்கு வெடிக்கிறது வானத்துல கேக்கும். மத்தது, கம்பெனிக்குள்ள வெடிக்கிறது, கால்ல கேக்கும். வித்தியாசம் எங்க ஊரு கைப்புள்ளைக்கும் தெரியும்.

சரி, நான் சோகக் கத சொல்ல வரல. நான் ரிதம் பேடு வாசிக்கிறவ. ஆர்க்கெஸ்ட்ரால குச்சிய வச்சு தட்டுனா டிரம்ஸ், டோலக்குன்னு கேட்ட சத்தமெல்லாம் குடுக்குமே, அந்தப் பொட்டி. பிஎஸ்சி ஃபிசிக்ஸ் முடிச்சுட்டு பொட்டி தட்டுறவன்னு சொந்தக்காரங்க பேசுவாக. பேசட்டும். அவுக வீட்டுக் கல்யாணத்துக்கும் நாமதான தட்டுவோம்.

நான் அதிகமா கேட்டது எதுன்னா, ஒரு மெமரி கார்டு நெறைய இருந்த பழைய சினிமா டூயட்டுக. அப்புறம் பக்கத்து ஊரு பொங்கல்ல யாரோ போன்ல புடிச்ச ஒரு கச்சேரி. அதுல ஜெனரேட்டர் இரையும், ஒரு புள்ள வீல்னு அழுவும், நடுவுல டிரம்ஸ்காரரு கைக்குச்சி பறந்துரும். மனுசன் நிறுத்தவே இல்ல, மிச்சப் பல்லவிய ஒத்தக் கையில ஓட்டிட்டாரு. அந்த எடத்த மட்டும் திருப்பித் திருப்பிக் கேப்பேன். சுத்தமா ரெக்கார்டு பண்ண எந்தப் பாட்டும் அதுக்குக் கிட்ட வராது.

போன வருசம் காரியாபட்டியில ஒரு ஆர்க்கெஸ்ட்ரால பேடு வாசிச்சவரு சிங்கப்பூரு போயிட்டாருன்னு ட்ரையலுக்குக் கூப்பிட்டாக. ஞாயித்துக்கெழம. அம்மாவோட டீல் என்னன்னா, சீட்டு கெடச்சா சீசன் முழுக்க கச்சேரி. கெடைக்கலன்னா திங்கக்கெழம அம்மா கம்பெனி ஆபீஸ்ல பில் போடப் போயிரணும். அது ஏற்கனவே சூப்பர்வைசர்ட்ட சொல்லியும் வச்சிருச்சு. ஏசி ரூம்புன்னு ஆச வேற காட்டுச்சு.

மைக்செட் கடை மாடியில ரிகர்சல். எனக்கு உசுரான ஒரு பழைய டூயட்டத்தான் குடுத்தாக. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சுக்கிட்டே அடிச்சேன். ரெண்டாவது வரியிலயே கீபோர்டு அண்ணன் கைய எடுத்துட்டாரு.

"தபேலா எங்கம்மா?"

"எந்த தபேலா?"

ரூம்பே சிரிச்சுருச்சு.

"பாட்ட கேட்டுட்டு வந்தியா, இல்ல பஸ்ல எவனாச்சும் பாடுனத கேட்டுட்டு வந்தியா?"

"அண்ணே, இந்தப் பாட்ட நான் கேட்ட அளவுக்கு பாடுனவுக கூட கேட்டிருக்க மாட்டாக."

"அப்ப தபேலாக்காரரு உனக்கு மட்டும் லீவு போட்டுட்டாரு போல."

ஆர்க்கெஸ்ட்ரா ஓனர எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுறாக. அவரு சிரிக்கல. பெரிய ஹெட்போன் ஒண்ண எடுத்து நீட்டுனாரு. ரெண்டு காதையும் மூடுற சைசு. எனக்குக் கை நின்னுச்சு. அப்புறம் கம்பெனி லீவு, அம்மா வீட்ல மீன் கொழம்பு வச்சுக்கிட்டு இருக்குன்னு ஞாவகம் வந்துச்சு. மாட்டிட்டேன்.

வலது பக்கம் முழுக்க தபேலா! பழைய பாட்டுல ஒரு வாத்தியத்த ஒரே காதுப் பக்கம் ஒதுக்கி வச்சிருப்பாக. எம்புட்டு வருசமா மனுசன் வலது பக்கம் ஒக்காந்து உருட்டி எடுத்திருக்காரு, நான் ஒரு தடவ எட்டிப் பாக்கல. ஸ்டீரியோன்னா என்னன்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதி பாஸானவ நானு!

சொன்னேன், ஏன் ஒத்தக் காதுல கேக்குறேன்னு. காரியாபட்டி வெள்ளாம ஊரு, வெடின்னா அவுகளுக்கு தீபாவளிதான். அண்ணாச்சி பேட கைகாட்டுனாரு.

"அது சரிம்மா. தபேலா வர வேண்டிய எடத்துல நீ என்னமோ ஒண்ணு தட்டுனியே, அது என்ன?"

எனக்கே தெரியல. திரும்பத் தட்டிப் பாத்தேன். டக்குட டக், டட்டக். அட, இது எங்க கம்பெனி வேன் பின்கதவு! தாழ்ப்பாள் லூசு, மேடு பள்ளத்துல ஆடிக்கிட்டே வரும். காலேஜ் பஸ் புடிக்க மூணு வருசம் அம்மா கூட அந்த வேன்லதான் வந்தேன். எடது காதுல பாட்டு, வலது காதுல கதவு. ரெண்டும் ஒரே பாட்டுன்னு கை முடிவு பண்ணிருச்சு.

"வேன் கதவு அண்ணாச்சி."

"வெளங்கிரும். நாளைக்கு லாரி ஹாரன வாசிக்கும்," இது கீபோர்டு அண்ணன்.

"நீ சும்மா இருலே. தபேலாவ நீ கீபோர்டுல போடு. ஏம்மா, நீ கதவ வாசி."

வாசிச்சோம். தபேலா உருள உருள, கதவு மேல ஏறி ஆடுச்சு. சரணம் முடியுறதுக்குள்ள அண்ணாச்சி கால் தாளம் போட ஆரம்பிச்சுருச்சு. நான் பாக்காத மாதிரி எல்லாத்தையும் பாத்தேன்.

"சீசனுக்கு வந்துரும்மா. ஆனா இனிமே ரெண்டு காதுலயும் கேக்கணும்."

"ஞாயித்துக்கெழம மட்டும் முடியும் அண்ணாச்சி."

"மத்த நாளு?"

"வலது காது அம்மாவுக்கு."

இம்புட்டு தூரம் வந்துட்டு சீட்ட நானே கெடுத்துக்கிட்டேன்னுதான் நெனச்சேன். ஆனா அத மட்டும் மாத்த முடியாது. டக்குனு ஒண்ணு தோணுச்சு.

"ரெண்டு தடவ கேக்குறேன். மொதல்ல எடது வயரு எடது காதுல. அப்புறம் வலது வயர கழட்டி அதே எடது காதுல."

"டபுள் வேலையா இருக்கும்லம்மா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கரண்டியோட திரும்பி, "ஏ புள்ள, வேன் கதவ கேக்கவா ஊரு கூடும்?"னுச்சு. மறுநாளே போயி வேன்ல எல்லார்ட்டயும் சொல்லிருச்சு. டிரைவருக்கு வெக்கமாப் போச்சு, தாழ்ப்பாள மாத்திட்டாரு. இப்ப அந்தச் சத்தம் வேணும்னா என் பேடுல மட்டும்தான் கேக்க முடியும். கச்சேரிக்கு வர்ற அம்மாவோட செட்டு, அந்தப் பாட்டு வந்தா மட்டும், "கதவு வருது, கதவு வருது"ன்னு ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கிடும்.

எந்தப் பாட்டா இருந்தாலும் இன்னைக்கும் ரெண்டு தடவதான். அதனால எந்தப் பக்கம் எந்த வாத்தியம் ஒளிஞ்சு கெடக்குன்னு எங்க ஆர்க்கெஸ்ட்ராலயே என்னய விட்டா யாருக்கும் தெரியாது. கீபோர்டு அண்ணனே இப்ப சந்தேகம்னா எனக்குத்தான் போன் அடிக்கிறாரு. நானும் ரெண்டு ரிங் விட்டுத்தான் எடுப்பேன்.

நாளைக்கு ஒரு கச்சேரி, புதுப் பாட்டு ஒண்ணு சேத்திருக்காக. எடது பக்கம் கேட்டு முடிச்சாச்சு, வலது பக்கம் பாக்கி. அம்மா வர்ற வேன் தெருமுக்குல திரும்பிருச்சு.