தார்ப்பாய்க்குக் கீழே

நாட்டின் ஆராய்ச்சிச் செலவைக் கணக்கெடுக்க நன்னிலம் போனபோது, களையெடுக்கும் இயந்திரம் செய்யும் ஒரு பட்டறைக்காரரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். பதில் சொல்லுமுன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

“ஆராய்ச்சிக்கு என்ன செலவு பண்ணீங்க?”

“அதெல்லாம் காலேஜ்ல பண்றதுங்க. இது பட்டறை.”

மூலையில் தார்ப்பாய்க்கு அடியில், சேற்றில் ஓடாமல் தோற்ற பழைய மாதிரிகள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றுக்கு ஆன செலவும் ஆராய்ச்சிதான் என்றேன்.

கையைத் துடைத்தார். “வேணாங்க. ஓடாததையெல்லாம் எழுதிக் குடுத்தா, நாளைக்கு நம்ம மெஷினை யாரு வாங்குவாங்க?”

விவரம் வெளியே போகாது என்றேன். சிரித்தார்.

அவர் சொல்வதைத்தான் நான் எழுத முடியும். ‘இல்லை’ என்று எழுதினேன்.

இப்போதும் பஸ்ஸில் போகும்போது வயலில் அவருடைய இயந்திரத்தைப் பார்க்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. நாட்டின் கணக்குப்படி, அது ஆராய்ச்சியே இல்லாமல் பிறந்தது.